நுரைக்குமா என்று கேட்டேன்

சாரெமா தீவில் ஜூனிப்பர் வேலிக்கம்பம்
லேசில் மக்குவதில்லை.
எங்களுடையது நாற்பது வருடம் நின்றது,
ஜனவரிப் புயலில் சாய்ந்தது.
அடுப்புக்கு ஆகும் என்றேன் நான்.
ஹெல்துர் அதை மோந்து பார்த்துவிட்டு
"இதற்குள் ஒரு பிரஷ் இருக்கிறது" என்றான்,
சவரம் செய்கிற பிரஷ்.

தாடிக்காரன் பேசுகிற பேச்சா இது?
கல்யாணத்தன்றே அவனுக்கு நெஞ்சுவரை தாடி.
பதினெட்டு வருடமாய் முத்தம் என்றால் எனக்கு
புதர் விலக்கித் தண்ணீர் குடிப்பது.

கடைசல் இயந்திரம் கிடையாது எங்களிடம்.
துளைபோடும் மெஷினைச் சமையல் மேஜையோடு இறுக்கி
அதன் வாயில் கட்டையைக் கொடுத்து
சுழலச் சுழல அரத்தால் தேய்த்தான்.
அலமாரித் தட்டுகள் பல்லை நறநறத்தன.
வெண்ணெயில் மரத்தூள், ரொட்டியில் மரத்தூள்,
நாலு மணிக்கே இருட்டுகிற வீட்டில்
மிளகும் பிசினும் கலந்த வாசம்.
முதல் கட்டை பிளந்துவிட்டது.
இரண்டாவதைப் பயந்து பயந்து தேய்த்தான்,
அதனால்தான் அதற்கு அவ்வளவு அழகான இடுப்பு.

முடி,
அடுத்த பண்ணை லெம்பித் சுட்ட காட்டுப்பன்றியின் முதுகிலிருந்து.
அதைச் சோப்புப் போட்டு
என் சூப் பானையில் வேகவைத்தான்.
பானை இப்போது தொழுவத்தில் இருக்கிறது,
அதைப் பற்றி நாங்கள் இன்னும் பேசிக்கொள்ளவில்லை.
வேர்ப்பக்கம் வேரோடும் நுனி நுனியோடும் அடுக்கி
என் தையல் நூலால் பதினோரு சுற்று,
துளைக்குள் பசை,
காய்வதற்கு ஓர் இரவு.

காலையில் மேஜைமேல் நின்றது
தலை சிலிர்த்த குட்டிப் பாதிரியார் மாதிரி.
"நுரைக்குமா என்று எப்படித் தெரியும்?" என்றேன்.
விளையாட்டாகத்தான் கேட்டேன்.
கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு சௌனாவுக்குள் போனான்.

ஒரு மணி நேரம் கழித்து
ஆவியோடு யாரோ வெளியே வந்தார்கள்.
முரி குரைத்தது. கிட்டே போய் மோந்தது.
மோந்துவிட்டும் குரைத்தது.
சின்ன மோவாய்,
இடது ஓரம் தையல் போட்ட வெள்ளைத் தழும்பு.
எங்கே விழுந்தாய் என்று கேட்க
எனக்குப் பதினெட்டு வருடம் தாமதம்.
"பன்னிரண்டு வயதில். சறுக்குவண்டி."
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான்.
"நுரைக்கிறது."

பிரஷ் ஆணியில் தலைகீழாய்த் தொங்குகிறது.
இரவு வாஷ்பேசினைத் துடைக்கும்போது
ஒரே ஒரு முடி ஒட்டியிருந்தது,
கறுப்பு, நுனியில் வெளுப்பு.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்.
பன்றியுடையதா, அவனுடையதா?
மேலுதட்டில் வைத்து
மெல்ல உரசினேன்,
தெரிந்துவிட்டது.