ஏனையவை

காலை ஒன்பதரை. பிரதேச செயலகத்தின் மேல்மாடி.
ஜன்னலுக்கு வெளியே ஹட்டன் இல்லை,
பனிமூட்டம் மட்டும்.
ஊர் இருப்பதற்கு ரயில் கூவியதே சாட்சி.

உரைபெயர்ப்பாளனுக்கு மேசை தரமாட்டார்கள், கதிரை உண்டு.
சிங்களத்தில் விழுவதைத் தமிழில் எடுத்துக் கொடுப்பேன்,
தமிழில் விழுவதைச் சிங்களத்தில்.
தரையில் விழுவதை எடுக்க எனக்கு அதிகாரமில்லை.

விடயம்: நீதிமன்ற வளாகப் பாதுகாப்பு.
போன மாதம் படிக்கட்டில் ஒருவன்
போத்தலை உடைத்துக்கொண்டு பாய்ந்த பிறகுதான்
எல்லோர் கண்ணிலும் பட்டது,
பின்வாசலுக்குக் கதவே இல்லையென்று.

பொறுப்பதிகாரி விஜேகோன் வரைபடம் விரித்தார்.
சுருண்டு சுருண்டு மூடிய தாளுக்கு
நாலு பிளேன்டீக் கோப்பைகள் மூலைக்கொன்றாய்க் காவல்.
ஒரு வாசல் போதும், மற்றதை அடைப்போம்.
உலோகம் காட்டும் கருவி கண்டியிலிருந்து வரும்.
எப்போதென்று கண்டிக்குத்தான் தெரியும்.

பிரதேச சபை அழகேந்திரன் கேட்டார்:
மழைக்குச் சனம் எங்கே ஒதுங்கும்?
பதிவாளர் ரணவக்க அம்மா கேட்டார்:
வாங்கி வைக்கிற கத்திகளை எங்கே வைப்பது?

கத்திக்கே முக்கால் மணித்தியாலம் போனது.
அரைப் பேருக்கு வேலை செய்துவிட்டு
மலையிலிருந்து நேரே வருகிறார்கள் சாட்சிகள்.
பெண்ணின் மடியில் வெற்றிலைப் பை, உள்ளே பாக்குவெட்டி.
ஆணின் கையில் சாக்குத்துண்டில் சுற்றிய கவ்வாத்துக் கத்தி.
இது ஆயுதமா, வேலைச் சாமானா?
சரஸ்வதி பூசையில் சந்தனம் வைக்கும்போதும்
ஆயுதம் என்றுதானே சொல்கிறோம்.
அதை எப்படிப் பெயர்ப்பது என்று நான் திணறியதற்குள்
முடிவாகிவிட்டது:
தகரப் பெட்டி, நம்பர் போட்ட துண்டு,
போகும்போது துண்டைக் கொடுத்துக் கத்தியை வாங்கலாம்.

ஆறாவது: ஏனையவை.
கோப்புகளை மூடும் சத்தம் கேட்டது.
பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் பஸ்மினா
அதுவரை வாய் திறக்கவில்லை.
"நாலேகால் பஸ்," என்றாள்.

ஊசிமலை மேற்பிரிவுக்கு அது ஒன்றுதான்.
தாபரிப்பு வழக்கில் பேசிவிட்டுப்
பவளராணி அதில்தான் ஏறுகிறாள்.
பேச வைத்தவனும் அதில்தான்.
முன்சீட்டில் அவள், பின்கதவில் அவன்,
பதினான்கு கிலோமீற்றர், எண்ண முடியாத வளைவுகள்.
கொண்டக்டருக்கு இரண்டு பேரையும் தெரியும்,
அதனால் ரோட்டையே பார்த்துக்கொண்டு வருவான்.
கத்தியைத் திருப்பிக் கொடுத்து அனுப்புகிறீர்கள்.
உங்கள் வாசல் எங்கே முடிகிறது?

நான் பெயர்த்தேன்.
என் வாயிலிருந்து வந்ததால்
நானே கேட்டதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

டிப்போ அத்தியட்சகர் ஜயலத் கண்ணாடியைத் துடைத்தார்:
ஒரு பஸ்ஸுக்கு பிரேக் இல்லை, ஒன்றுக்குச் சாரதி இல்லை.
விஜேகோன் சொன்னார்:
வாசலிலிருந்து முப்பது மீற்றர் வரைக்கும்தான் இந்தக் கூட்டம்.
பொய்யில்லை. கடிதத்தில் அப்படித்தான் இருந்தது.

படி இறங்கும்போது ரணவக்க அம்மா
குடையை விரித்தபடி, யாரையும் பார்க்காமல்:
"அவன் காசு கட்டுவது என் மேசையில்.
பற்றுச்சீட்டு எழுத எனக்கு நேரமெடுக்கும். வயசான கை.
இதை நீ பெயர்க்க வேண்டாம்."
பஸ்மினாவுக்கு அவ்வளவு சிங்களம் விளங்கும்.
நான் பெயர்க்கவில்லை.

கூட்டக் குறிப்பில் எழுதினேன்:
6. ஏனையவை — எதுவுமில்லை.

அடுத்த வியாழன், நாலு பத்து.
கருமபீடத்துக்கு முன்னால் அவன்
கால் மாற்றி மாற்றி நிற்கிறான்.
அம்மா பேனையை உதறுகிறார், காபன் தாளைத் திருப்பிப் பார்க்கிறார்,
அவன் பெயரை எழுத்தெழுத்தாய்க் கேட்கிறார்,
மறுபடியும் கேட்கிறார்.
கீழே வளைவில் பஸ் ஹோர்ன் அடித்துத் திரும்புகிறது.

ஆட்டோ பிடித்தால் பஸ்ஸுக்கு முன்னாலேயே போய்விடலாம்.
எனக்கும் அது தெரியும்.
ஆட்டோக்காரன் இரண்டாயிரம் கேட்பான்.
இப்போதுதான் எண்ணி வைத்தான்.
இன்றைக்கு அவனிடம் இருக்காது.