தேதி விழுமா

பாதி ஏரியில் என் கைபேசி மாநிலம் மாறியது.
ஆந்திரம் வரவேற்றுக் குறுஞ்செய்தி அனுப்ப
முனிரத்தினம் கழியை ஊன்றிக்கொண்டே சொன்னார்:
"மீனுக்கு இதெல்லாம் வராது."

இரக்கம் தீவு. விடிய இன்னும் கொஞ்சம்.
முக்காலியின் மூன்று கால்களும்
மூன்று ஆழத்தில் இறங்கின.
கணுக்கால்வரை சேறு, சேற்றுக்குள் சிப்பி,
சிப்பி விளிம்பில் என் கட்டைவிரல் ரத்தம்.

நான் கேட்டது ஒரே ஒரு கிடைக்கோடு.
கீழே சாம்பல், மேலே சாம்பல்,
நடுவில் பிரிந்த தையலாய்ப் பூநாரைகள்.
மின்கம்பம் கூடாது. நீல டிரம் கூடாது.
ஆள் கூடவே கூடாது.
அதற்காக நாற்பதடி நகர்ந்து
வேலிக்காத்தான் முள்ளில் முழங்காலிட்டேன்.

ஒளி முதலில் உமரிச்செடியின் நுனிக்கு வந்தது,
பிறகு நண்டு வளைகளின் வாயோரம்,
பிறகு என் லென்ஸ் மூடியின்மேல்.
கழற்ற மறந்திருந்தேன்.

கழற்றுவதற்குள் வலது ஓரத்தில் ஒரு மஞ்சள் குடம்.
குடத்தோடு ஒரு பெண்.
விலகச் சொல்லிக் கையசைத்தேன்.
அழைக்கிறேன் என்று நேரே நடந்து வந்தாள்.
பூநாரைகள் எழுந்தன, மொத்தமாய்,
யாரோ படுக்கைவிரிப்பை உதறியதுபோல.

"இதுல தேதி விழுமா?"
விழும்.
"மணி?"
அதுவும்.
"அப்ப வா."

செஞ்சம்மாவின் வீட்டுப் பின்சுவர்.
தண்ணீர் ஏறி நின்ற உப்புக்கோடு
என் இடுப்புயரத்தில்,
மட்டப்பலகை வைத்துப் போட்டதுபோல் நேராக.
புயல் கழிந்து மூன்றாம் மாதம் வந்த அதிகாரி
தமிழில் எழுதிய மனுவைத்
தெலுங்கில் திட்டித் திருப்பித் தந்தாராம்.
ஆதாரம் இல்லையாம்.

கோட்டின்மேல் விரலை வைத்து நின்றாள்.
"ஆளும் விழணும். வூடு யாருதுன்னு தெரியணுமில்ல."
அளவுக்கு அவள் குடத்தைப் பக்கத்தில் வைத்து
என் நிழல் விழாமல் குனிந்து
பதினொரு படங்கள் எடுத்தேன்.
விலாசம் வாங்கிக்கொண்டேன்.

திரும்பும் படகில் திரையைப் பார்க்கிறேன்.
காலையில் பேட்டரி மாற்றியபோது
கடிகாரம் செத்துப் பிழைத்திருக்கிறது:
இரண்டாயிரத்துப் பதினைந்து, ஜனவரி ஒன்று,
நள்ளிரவு தாண்டி ஒன்று பத்து.
சுவர் முழுக்க வெயில்.

"திருப்புங்க" என்றேன்.
முனிரத்தினம் வானத்தைப் பார்த்தார்.
"பறவைதான் போயிடுச்சே."
"பறவைக்கு இல்ல."
கழி சேற்றில் மாட்டிக்கொண்டு
வரமாட்டேன் என்றது.