மட்டம்

பதினோராம் மாடி. லிஃப்டுக்குள் நுழையவில்லை
ருஸைக்கா வரைந்த நீர்க்காகம்.
படிகளில் இறக்கினோம், நானும் தம்பியும்,
சிறகு சுவரில் உரசாமல்.

விரித்த சிறகு, காயவைக்கிற மாதிரி.
கால் ஊன்ற ஒன்றுமில்லை.
தண்ணீர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கன்வஸ்.
"கம்பம் வரைய மறந்திட்டீங்களா?"
"பிடுங்கிட்டாங்க" என்றா.

அலகடியில் ஒரு சிவப்பு.
அதை எனக்குத் தெரியும்:
கொம்பனித்தெருவில் உடைக்குமுன்
எங்கள் கதவுகளில் இலக்கம் போட்ட பெயின்ட்.
விட்டுப்போன டின்னை
எடுத்து வைத்திருந்தாவாம்.

வாங்கினது ஒரு ஹோட்டல்.
வரவேற்பறையில் பிரேமை மாட்டும்போது
நிலத்தைப் பார்த்தேன். பளிங்கு.
கணக்குப் போட்டால்
அவ குசினி இருந்த இடம்.

கண்ணாடிக்கு அப்பால் பேர வாவி, பச்சையாய்.
மட்டம் பார்க்கச் சொன்னார் மேலாளர்.
பறவை கொஞ்சம் சரிவாம்.