ஆறாவது இதழ்

டிரல் விரிகுடாவில் காலை ஆறுக்குப் பாய் ஏற்றினோம்.
சரக்கு: நாற்பது காலி கேஸ் சிலிண்டர்,
மிஸ் ஒடெசாவின் பழுதான ஃப்ரிட்ஜ், ஒரு வெள்ளாடு.
ரோண்ட் தீவு தாண்டும்வரை
கடன் கொடுத்தவனைப் போல விடாமல் கூட வந்த காற்று
கிரெனடாவின் மலைமறைவுக்குள் நுழைந்ததும்
சொல்லாமல் கொள்ளாமல் இறங்கிக்கொண்டது.

வெர்லின் எஞ்சினைத் தட்டினாள்.
பத்து நிமிடம். பிறகு
ரப்பர் கருகும் வாடை.
பின்குழாய் தண்ணீர் துப்ப வேண்டிய இடத்தில்
வெறும் புகை.

அணைத்தோம்.
சிலிண்டர்கள் ஒன்றையொன்று இடிக்கும் சத்தம்,
ஆடு அசைபோடும் சத்தம்.
நீரோட்டம் மட்டும் சத்தமில்லாமல்
எங்களை மேற்கே நகர்த்தியது.
அந்தப் பக்கம் அடுத்த கரை எத்தனை நாள் தள்ளி என்று
இருவருமே கணக்குப் போட்டோம்.
சொல்லிக்கொள்ளவில்லை.

பம்பின் மூடியைத் திறந்தேன்.
நாலு திருகு. ஒன்று கைநழுவி அடித்தட்டு நீரில் விழ,
அதைத் துழாவியதிலேயே அரைமணி போனது.
உள்ளே இம்பெல்லர்: ஆறு இதழ் ரப்பர்ப் பூ.
ஐந்துதான் இருந்தன.

"இன்னொன்று?"
"குழாய்க்குள்ளே எங்கேயோ."
"எங்கேயோ என்றால்?"
ஆடுதான் பதில் சொன்னது.

புதியது பார்படோஸிலிருந்து வந்து
மூன்று வாரமாய்ச் சுங்கத்தில் தூங்குகிறது.
பால்பவுடர் டின்னில், முகப்பவுடர் தூவி,
பழையது ஒன்று இருந்தது.
போன வருஷம் நானே கழற்றித்
தூக்கிப்போடச் சொன்னது.
டின்னை என் கையில் வைத்துவிட்டு வெர்லின்
ஆட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனாள்.

அரை வேகத்தில், கரையை ஒட்டி,
துப்பல், இருமல், மறுபடி துப்பல்.
குழாயின் வாயை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தோம்.
அன்று சூரியன் எந்தப் பக்கம் விழுந்தது என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.
செயின்ட் ஜார்ஜஸ் துறையில் விளக்கெரிந்த பிறகு
ஒடெசாவின் மருமகன் கத்தினான்:
"ரெண்டு மணிக்கு என்றீர்களே!"

மறுநாள் காலை வளைகுழாயைக் கழற்றிக்
கம்பியால் குடைந்தேன்.
வந்தது, ஆறாவது இதழ்.
சும்மா இன்னும் கொஞ்சம் குடைந்தேன்.
இன்னொன்று வந்தது.
கல்லாய் இறுகி, விளிம்பு பொடிந்து,
எங்கள் காலத்துக்கு முந்தியது.

"ஒருநாளும் மக்கர் பண்ணாத எஞ்சின்" என்று
தாயின் கல்லறைமேல் சத்தியம் செய்து
எங்களுக்குப் படகை விற்ற லாம்பர்ட்
டிரல் விரிகுடாவில் ரம் கடை வைத்திருக்கிறான்.

வெர்லின் அதைக் கழுவித் துடைத்துச்
சட்டைப்பையில் போட்டுப் பொத்தானிட்டாள்.
திரும்பும் சரக்கை ஏற்றும்போது
இரண்டு முறை
பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.