இடப்பக்கம், கடைசி வரிசை

நீல நிறச் சுசுகி. ஆறே முக்காலுக்கு வந்துவிடும்.
இடப்பக்கம் கடைசி வரிசைக்குக் கை காட்டுவேன்,
சால்மன் லாரிக்குப் பின்னால்.
நாற்றம்தான்.
ஆனால் யாரும் பேச்சுக்கொடுக்க வரமாட்டார்கள்.

எதூலியா கார்கமோ. பல் ஆஸ்பத்திரியில் கணக்கெழுதுகிறவள்.
சங்கிலியை மாட்டிவிட்டு நான் திரும்புவதற்குள்
ஸ்டியரிங் மேல் நோட்டைச் சாய்த்திருப்பாள்.
சாக்காவ் கால்வாயைக் கடக்க முப்பது நிமிடம்.
சில நாள் ஒரு பக்கம்.
சில நாள் நேற்று அடித்த வரியையே
இன்னும் அழுத்தி அடிப்பாள்.

"பதினோரு நாளாக என் ஆள்
கதவைத் திறக்கமாட்டேன் என்கிறான்"
டிக்கெட்டை நீட்டியபடி ஒருமுறை சொன்னாள்.
மறுநாள் விசாரித்தேன்.
"ஜன்னல் வழியாகப் போய்விட்டான்."

பனிமூட்டத்துக்கு மேலே
பாலத்தின் தூண்கள் வளர்கின்றன.
முடிந்துவிட்டால் அக்கரைக்கு மூன்றே நிமிடமாம்.
"அப்புறம் என்ன செய்வாய்?"
"சிறுகதைக்கு மாறவேண்டியதுதான்."
சிரித்தாள். பிறகு பேனாவைக் கடித்துக்கொண்டு
கரை தட்டும்வரை அந்தத் தூணையே பார்த்திருந்தாள்.

ஜூலைக் குளிரில் வடகாற்று. படகு கிடையாது.
லாரிகள் திட்டிக்கொண்டே திரும்பிப் போயின.
சுசுகி மட்டும் சரிவில், கடலைப் பார்த்தபடி,
இன்ஜின் ஓட ஓட நிற்கிறது.
ஹீட்டருக்காக என்று நினைத்தேன்.
கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கி,
"அதிர்வு இல்லாமல் வரமாட்டேன் என்கிறது" என்றாள்,
தலை நிமிராமல்.

எனக்கும் வேலையில்லை.
கடிகாரத்தைப் பார்த்து, சரியாக முப்பதாவது நிமிடம்
பானட்டைத் தட்டினேன்:
அக்கரை வந்தாச்சு.

"இன்னும் ஒரு வரி."

மழையில் நின்றேன்.
பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை.