ஒற்றைக் காலுறை

வார்டோவில் ஜூன் மாதம் சூரியனுக்கு வீடு கிடையாது.
இரவு பதினொன்றரைக்கும் துறைமுகத்துக் கிரேன் மேல்
கொக்கு மாதிரி நின்றுகொண்டிருக்கும்.

சன்னலுக்கு அலுமினியத் தாள் ஒட்டினேன்,
அதன்மேல் கம்பளி, அதற்கும் மேல் மிர்யாவின் பழைய மழைக்கோட்டு.
ஆணி போன ஓட்டை வழியே
மிளகளவு வெயில் வந்து
அஸ்லாக்கின் மூக்கில் உட்கார்ந்துகொண்டு
போக மறுக்கிறது.

“ராத்திரியே வரலையே, எப்படித் தூங்குறது?”
யோருனுக்கு ஐந்து வயது. நியாயமான கேள்வி.

நேற்று திமிங்கிலக் கதை சொல்லி மாட்டிக்கொண்டேன்.
திமிங்கிலம் படகை முட்டியதும்
இருவரும் கட்டில்மேல் எழுந்து நின்றுவிட்டார்கள்.
யார் பிழைத்தார், யாருடைய தொப்பி மிதந்தது என்று
விசாரணை முடிய மணி ஒன்று.
மிர்யா சொல்லிவிட்டுத்தான் போனாள்:
தூங்க வைக்கிற கதையில் எதுவும் எதையும் முட்டக்கூடாது.
அவள் போய் ஒன்பது நாள்.
பேரன்ட்ஸ் கடலில், நண்டுப் படகில்.

இன்று கையில் அகப்பட்டது
துவைத்த துணிக்குள் ஜோடி தொலைத்த ஒரு காலுறை.
கதைக்குக் கால் கிடையாது, தெரியும்.
உறையாவது இருக்கட்டும்.

“ஒரு ஊர்ல ஒரு காலுறை.”
“ம்,” என்றான் அஸ்லாக்.
“அதுக்குத் தூக்கம் வந்துச்சு. ராத்திரியைக் காணோம்.”
“ம்.”
“தேடிக்கிட்டுப் போச்சு...”
“காலுறைக்குள்ளேயே இருட்டாத்தானே இருக்கும்?”
என்றாள் யோருன்.

கதை முடிந்தது.
அரை நிமிஷம்கூட ஆகவில்லை.
நான்கு கண்கள், கழுவிக் கவிழ்த்த தட்டு போல.

பகலெல்லாம் கிரேனில் உட்கார்ந்து பெட்டி இறக்குகிறவன் நான்.
தூக்கியதை அந்தரத்தில் விட்டுவிட்டுப் போக முடியாது.
மெல்ல, இன்னும் மெல்ல,
தரைக்கே தெரியாமல் தரையில் வைக்க வேண்டும்.

“ஆமா,” என்றேன். “உள்ளே நிறைய இருந்துச்சு.
தனக்கு இவ்வளவு எதுக்குன்னு
ஊருக்குக் கொடுக்கக் கிளம்பிடுச்சு.”
கவிழ்த்துப் போட்ட படகுக்கு ஒரு கைப்பிடி.
“ம்.”
கூரையில் கத்தும் கடற்காகத்துக்கு
அலகு மூட ஒரு சிட்டிகை.
“ம்.”
மீன் இறக்கிவிட்ட வெறுங்கழிகளுக்கு
இந்தக் கழிக்கு ஒன்று, அடுத்த கழிக்கு ஒன்று,
அதற்கடுத்த கழிக்கு
ஒன்று.
கழிகள் தீரவே இல்லை. நான் தீர விடவில்லை.
“ம்ம்.”
தபால்பெட்டிக்குள் எட்டிப் பார்த்தது.
அங்கே ஏற்கெனவே இருந்தது.
சரி என்று வந்துவிட்டது.

அஸ்லாக்கிடமிருந்து ‘ம்’ வரவில்லை.
மிளகளவு வெயில் கன்னத்துக்கு நகர்ந்திருந்தது.
யோருன் காலுறையை வாங்கிக் கையில் மாட்டிக்கொண்டாள்.
“மிச்சம் இருக்கா?”
“உள்ளே பாரு.”
பார்க்கக் கண்ணை மூட வேண்டியிருந்தது.
எத்தனை கழி என்று கேட்கத் திறந்த வாய்
கேட்காமலே பாதியில் நின்றது.

அப்புறமும் நாலைந்து கழி சொன்னேன்.
சட்டென்று நிறுத்தினால் விழித்துக்கொள்வார்கள்,
எஞ்சின் அணைந்த பேருந்தில்
விழித்துக்கொள்கிற மாதிரி.

பன்னிரண்டுக்குத் தொலைபேசி.
செயற்கைக்கோள் வழியே
என் சொல் போய்ச்சேர ஒரு மூச்சு,
அவள் சொல் வந்துசேர ஒரு மூச்சு.
“தூங்கியாச்சா?”
“ஆச்சு.”
“என்ன கதை?”
“காலுறை.”
“யாரையாவது முட்டிச்சா?”
“இல்ல.”

அங்கேயும் வெயிலாம்.
ஆறு மணி நேர ஓய்வில் நான்கு மணி நேரம்
தலைக்கு மேலிருக்கும் இரும்பையே
பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாளாம்.
“எனக்கும் சொல்லேன்.”

சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.
கவிழ்த்த படகு.
“ம்.”
கடற்காகம்.
நெடுநேரம் கழித்து, “ம்.”
கழிகள். ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது.

வரவில்லை.
உறங்கிவிட்டாளா,
இன்னும் வழியில் வந்துகொண்டிருக்கிறதா அந்த ‘ம்’?
தெரியவில்லை.
அடுத்த கழிக்கு நகர்ந்தேன்.