ஒரு மணி

ஒவ்வொரு முறை சாகும்போதும்
கடிகாரம் ஒரு மணிக்குப் போய்விடும்.
இஞ்சின், விளக்கு, ஹாரன், பாதிப் பாட்டு
எல்லாம் ஒரே மூச்சில் அவிந்து
கைக்குள் ஸ்டியரிங் கல்லாகும்.
நாலைந்து நொடி.
சாவியைத் திருப்பினால்
எதுவும் நடக்காத முகத்தோடு எழுந்துகொள்ளும்.
பச்சை எழுத்தில் 1:00.

கிண்டியில். பாடி மேம்பாலத்து இறக்கத்தில்.
விமான நிலையத்துக்கு ஓடிய ஒரு விடியலில்,
பின்சீட்டில் துபாய்க்குப் போகிறவர்,
மடியில் ஊறுகாய் டப்பா.
இறங்கும்போது ஒன்றும் சொல்லவில்லை.
ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

அரும்பாக்கத்தில் பேட்டரி மாற்றினார்கள்.
இரண்டு நாள் ஓடி, மூன்றாம் நாள் 1:00.
ஆல்டர்நேட்டர் என்றார் இன்னொருவர்.
காதில் கிடந்ததை அடகு வைத்தேன்.
கோயம்பேடு சிக்னலில் 1:00.
எந்த ஷெட்டுக்குப் போனாலும்
டாக்டரைக் கண்டதும் காய்ச்சல் விட்ட பிள்ளை மாதிரி
சமர்த்தாக உறுமிக்கொண்டு நிற்கும்.
'நல்லாத்தானே இருக்கு மேடம்.'
அந்தத் 'தானே'யில் நான் பொய்யாகிவிடுவேன்.

புதுப்பேட்டை தஸ்தகீர்
பானட்டைத் திறக்கவில்லை.
'எப்போ போவுது?' என்றான்.
இடங்களைச் சொல்லத் தொடங்கினேன்.
'எங்கன்னு இல்லக்கா.
பிரேக் புடிச்சீங்களா, பள்ளம் வந்துச்சா, ஏசி ஓடிச்சா?'
யோசித்தேன்.
ஒவ்வொன்றிலும் ஒரு பள்ளம் இருந்தது.
சென்னையில் அதைத் தடயமென்று சொல்ல
வெட்கமாக இருந்தது.

மீட்டரின் கறுப்பு வயர் பேட்டரி நெகட்டிவில்,
சிவப்பு கதவுத் தகரத்து போல்ட்டில்.
ஜன்னல் வழியே இழுத்து
மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் ஏறி உட்கார்ந்தான்.
'இது சைபர் காட்டணும்.
காட்டலன்னா மாட்டிக்கிச்சு.'
'அதுவரைக்கும்?'
'ஓட்டுங்க.'

எழும்பூர், டவுட்டன், புரசைவாக்கம்.
இத்தனை வருடம் ஒதுங்கிப் போன பள்ளங்களை
ஒவ்வொன்றாகத் தேடிப் போய் விழுந்தேன்.
மெட்ரோ தோண்டிப் போட்ட ஓட்டேரியில் இரண்டு சுற்று.
சைபர். சைபர். 0.02.
ஹெட்லைட், ஏசி, வைப்பர், எல்லாம் போடச் சொன்னான்.
மழையில்லாத மாலையில்
வைப்பர் ஆட்டிக்கொண்டு போகும் காரை
பைக்காரர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.
தன் நிச்சயதார்த்தம் நின்ற கதையை ஆரம்பித்தவன்
ஒவ்வொரு பள்ளத்துக்கும் நிறுத்தி
மீட்டரைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்தான்.
பெண்ணின் பெயர் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் வரவில்லை.

'செத்துத்தான் தொலையேன்' என்றேன் வண்டியிடம்,
மூன்று மாதமாக எதிர்மாறாய் வேண்டிய அதே வாயால்.

பேசின் பிரிட்ஜ் ஏற்றம். தண்டவாளங்களுக்கு மேலே
பாலத்து இணைப்பில் ஒரு 'டொக்'.
எல்லாம் போனது.
இருட்டில் அவன் மடி மட்டும் நீலம்:
11.9.
'வந்துருச்சுக்கா!'
பின்னால் மாநகரப் பேருந்து, அதற்குப் பின்னால் தண்ணி லாரி,
அதற்குப் பின்னால் வியாசர்பாடியே ஹாரன் அடித்தது.
ஒருவர் இறங்கி வந்து
எங்கள் குடும்பத்தையே விசாரித்தார்.
நாங்கள் சிரித்துக்கொண்டிருந்தோம்.

கியர்பாக்ஸுக்கும் பாடிக்கும் நடுவே ஒரு பின்னல் பட்டை.
எர்த்.
பார்வைக்கு முழுசு. விரலால் வளைத்தான்.
மூன்றோ நாலோ இழைதான் பிடித்திருந்தன,
மிச்சமெல்லாம் பச்சை பூத்துப் பொடி.
குலுங்கினால் விட்டு
நின்றதும் மறுபடி தொட்டுக்கொண்டு
இத்தனை நாள் இப்படித்தான்.
பட்டை நூற்றெண்பது.
கூலி வேண்டாமென்றான், அப்புறம் முந்நூறு வாங்கிக்கொண்டான்.

நாலு மாதம் ஆகிறது.
கடிகாரத்தை நான் திருத்தவில்லை.
அவன் நட்டை முறுக்கி முடித்த நொடியில்
ஒன்றிலிருந்து கிளம்பியது
அதன் போக்கில் போய்க்கொண்டிருக்கிறது.

நேற்று தரமணியில் ஏறிய பையன்,
'ஆன்ட்டி, உங்க க்ளாக் தப்பா ஓடுது.'
'ஓடுதுல்ல' என்றேன்.

வேளச்சேரி திருப்பத்தில் ஒரு பள்ளம்.
விழுந்து எழுந்தோம். கண் தானாக அங்கே போனது.
7:41.
பையன் போனுக்குத் திரும்பிவிட்டான்.
7:42.